குதிரைக்குப் பத்தாயிரம் வெள்ளி ஒதுக்கலாமா?

பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கமுள்ள ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 57. செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளிக் கேண்டீனில் வேலை பார்க்கிறார். மகன் வேலைக்குப் போகிறான், மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

2024 நவம்பரில், மெல்பர்ன் கிண்ணக் குதிரைப் பந்தயத்தில், பட்டணத்து ரன்னர் (பந்தயம் நடத்தும் புக்கிக்காகப் பணம் வசூலிப்பவன்) ஒருவன் மூலம் ‘நைட்ஸ் சாய்ஸ்’ என்ற குதிரை மேல் இவர் 20 வெள்ளி (ரிங்கிட்) கட்டினார். ‘எடை குறைவாகச் சுமக்கிற குதிரை’ என்பதுதான் காரணம். குதிரை 90-க்கு 1 என்ற விலையில், அதாவது ஒரு வெள்ளிக்கு 90 வெள்ளி லாபம் என்ற கணக்கில், ஜெயித்தது. ஒட்டுக்கடையில் அன்று இவர்தான் ராஜா. ஆனால் 1,800 வெள்ளி லாபம் வரவேண்டிய இடத்தில், கட்டிய 20 வெள்ளியையும் சேர்த்துக் கைக்கு வந்தது 520. ‘சீலிங் 25-க்கு 1 தான் அண்ணே’ என்றானாம் ரன்னர், அதற்கு மேல் கொடுப்பதில்லை என்று அர்த்தம். மீதி 1,300-க்கு இன்னும் இழுத்தடிப்பு.

அதிலிருந்து இவர் சின்ன ரேஸ்களை விட்டுவிட்டு, பெரிய ஹேண்டிகேப் ரேஸ்களாக (திறமைக்கேற்பக் குதிரைக்கு எடை ஏற்றி ஓடவிடும் பந்தயங்கள்) பார்த்துக் கட்டிவருகிறார். 20 வெள்ளி இப்போது 150 வரை ஏறியிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறார். ஜெயித்த குதிரையின் பெயர், தேதி, தொகை எல்லாம் சிவப்பு மையில் அழகான கையெழுத்தில். தோற்றவை அதில் இல்லை.

அவர் கேட்பவை: பெரிய ஹேண்டிகேப் ரேஸ்களில் கட்டுவது நீண்ட நாளில் லாபம் தருமா? இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்திலிருந்து 10,000 வெள்ளியை இதற்கு முதலாக ஒதுக்கலாமா? அந்த 1,300-ஐச் சட்டப்படி வாங்க முடியுமா? மனைவி ‘இது நோய்’ என்கிறாரே, சரியா? கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: ‘உங்க பேங்க் கார்டை ரெண்டு மாசத்துக்குக் கொடுங்க, மீதிக் காசை அதுல கழிச்சுக்கலாம்னு ரன்னர் கேட்கிறான். கொடுக்கலாம்தானே?’

ஐயா, நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்தக் கடைசிப் பக்கத்து வரியைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கார்டைக் கொடுக்காதீர்கள்

உங்கள் கடிதத்தில் ஆபத்தான இடம் குதிரையில் இல்லை, இந்தக் கார்டில்தான் இருக்கிறது. ரன்னருக்கு உங்கள் கணக்கு எதற்கு? அவனுக்கென்று ஒரு கணக்கு இருக்கும். அதில் போட முடியாத பணத்தை உங்கள் கணக்கில் போடத்தான் கேட்கிறான். அது பந்தய வசூலாகவும் இருக்கலாம், ஜோகூரிலோ கிள்ளானிலோ யாரோ ஒரு பாட்டியை ஏமாற்றி வாங்கிய பணமாகவும் இருக்கலாம். செய்தியில் ‘அக்காவுன் கெல்டாய்’ (கழுதைக் கணக்கு, பிறர் மோசடிப் பணத்தைக் கைமாற்றப் பயன்படும் கணக்கு) என்று அடிபடுகிறதே, அது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பாட்டி புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரரைத்தான். ரன்னரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கணக்கு முடக்கப்படும், அதிலுள்ள உங்கள் சொந்தப் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ‘எனக்குத் தெரியாது, பழகியவன் கேட்டான், கொடுத்தேன்’ என்ற விளக்கத்தை மாஜிஸ்திரேட்டுகள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். இப்படிக் கணக்கையும் கார்டையும் பிறர் கையில் கொடுப்பவர்களைப் பிடிக்கவே 2024-இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன.

நீங்கள் எழுதிய நாளுக்கும் இதைப் படிக்கும் நாளுக்கும் நடுவில் கார்டு கைமாறியிருந்தால், இன்றே வங்கிக் கிளைக்குப் போய் அதை ரத்து செய்யுங்கள். பின் எண்ணையும் இணைய வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். யாருடையதென்று தெரியாத பணம் கணக்கில் இருந்தால் ஒரு காசுகூட எடுக்க வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். வங்கியிடம் சொல்லுங்கள், போலீஸ் புகார் ஒன்று கொடுத்து அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிக்கொள்வது நல்லது. ஆனால் அதற்காக நாள் கடத்த வேண்டாம்.

ஹேண்டிகேப் யாருக்கு லாபம்?

இப்போது உங்கள் முதல் கேள்வி. வக்கீலான எனக்கு ரேஸ் கணக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடன் வழக்குக் கோப்புகளைப் புரட்டினால் எங்காவது ஒரு குதிரையோ நாலு நம்பர் லாட்டரியோ தலைகாட்டும். பார்த்துப் பார்த்து வந்த அறிவுதான்.

உங்கள் வாதம் சுருக்கமாக இது: பெரிய ஹேண்டிகேப்பில் இருபதுக்கு மேல் குதிரைகள் ஓடுகின்றன, அதனால் விலை பெரிது. ஒன்று அடித்தால் ஐம்பது தோல்வியைச் சரிக்கட்டும். எடை குறைந்த குதிரையைப் பிடித்தால் வாய்ப்பு அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. ஒட்டுக்கடையில் இதற்கு மறுப்பு வந்திருக்காது என்றும் புரிகிறது.

எடையில் தொடங்குவோம். ஹேண்டிகேப் என்றால், திறமையான குதிரைக்குக் கூடுதல் எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்பதுதான் எடை போடும் அதிகாரியின் கனவு. அதனால் குறைந்த எடை என்பது அந்தக் குதிரைக்குக் கிடைத்த பரிசு இல்லை. ‘இது மற்றவற்றைவிட மெதுவானது’ என்று, பழைய ஓட்டங்களை எல்லாம் பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ். நீங்கள் அதே சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் குதிரை ஜெயிக்கும் என்கிறீர்கள்.

மெல்பர்ன் கிண்ணத்தின் வரலாற்றிலேயே பாருங்கள். ‘மகைபி தீவா’ என்ற பெண் குதிரை 2003-இல் 51 கிலோவும், 2004-இல் 55.5 கிலோவும், 2005-இல் 58 கிலோவும் சுமந்து மூன்று முறையும் ஜெயித்தது. எடை ஏற ஏறத்தான் ஜெயித்தது. ‘ஃபார் லாப்’ 1930-இல் 62 கிலோவுக்கு மேல் சுமந்து ஜெயித்தது. அடுத்த ஆண்டு 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது. முதல் கதையை மட்டும் கேட்டவர் ‘கனமான குதிரை ஜெயிக்கும்’ என்பார், உங்கள் நைட்ஸ் சாய்ஸை மட்டும் பார்த்தவர் ‘லேசான குதிரை ஜெயிக்கும்’ என்பார். எடை எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அது விலையில் ஏற்கெனவே கலந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அடுத்தது விலை. இதை நீங்களே செய்து பார்க்கலாம், கால்குலேட்டர் போதும். அடுத்த பெரிய ரேஸுக்கு எல்லாக் குதிரைகளின் விலையையும் எழுதுங்கள். ஒரு வெள்ளிக்கு மொத்தம் எவ்வளவு கைக்கு வரும் என்ற கணக்கில் எழுத வேண்டும், அதாவது 4-க்கு 1 என்றால் 5, 9-க்கு 1 என்றால் 10, 90-க்கு 1 என்றால் 91. பிறகு ஒவ்வொன்றாலும் 100-ஐ வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். நியாயமான விலை என்றால் 100 வர வேண்டும். வராது. 120, 125 என்று நிற்கும். 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லாரும் கட்டும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் 80-தான் கட்டியவர்களுக்குத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மீதி 20 பந்தயம் வாங்கும் புக்கிக்கு. குதிரைகள் கூடக் கூட அவன் ஒவ்வொரு குதிரையின் விலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொள்ள முடியும், அது நம் கண்ணில் படாது. பெரிய ஹேண்டிகேப்பை புக்கிகள் விரும்புவது இதனால்தான். உங்களுக்கு அது திருவிழா, அவர்களுக்கு அது அறுவடை.

குதிரைப் பந்தயம் நடத்தும் டர்ஃப் கிளப்பின் டோட்டில் கட்டினாலும் கழிவு உண்டு. அங்கே எல்லாரும் கட்டிய பணம் ஒரு பானையில் சேர்ந்து, முதலில் ஒரு பங்கு எடுக்கப்பட்டு, மீதிதான் ஜெயித்தவர்களுக்குப் பங்கிடப்படுகிறது. என்ன வித்தியாசமென்றால், அங்கே ‘சீலிங்’ என்று சொல்லி யாரும் உங்கள் பங்கை வெட்ட மாட்டார்கள்.

சீலிங் என்றதும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். 90-க்கு 1 என்ற விலை முழுக்க முழுக்க நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் குதிரை 91 தடவை ஓடினால் ஒரு தடவை ஜெயிக்கும். அந்த ஒரு தடவைக்கு நீங்கள் வாங்கியது 520. 520-ஐ 91-ஆல் வகுத்தால் 5 வெள்ளி 71 காசு. 20 வெள்ளி கொடுத்து 5 வெள்ளி 71 காசு மதிப்புள்ள சீட்டை வாங்கியிருக்கிறீர்கள். ஜெயித்த அன்றே நடந்த நஷ்டம் இது. ஜெயித்ததால் தெரியவில்லை.

‘ஒன்று அடித்தால் ஐம்பதைச் சரிக்கட்டும்’ என்பதையும் காலண்டரில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய பட்டியலில் மெல்பர்ன் கிண்ணம், கால்ஃபீல்ட் கிண்ணம், சிட்னி கிண்ணம், இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல், ஈபோர், கேம்பிரிட்ஜ்ஷையர் இருக்கின்றன. இன்னும் நாலைச் சேர்த்தாலும் வருடத்துக்குப் பத்து. 91-இல் ஒரு வாய்ப்பு என்றால் சராசரியாக ஒன்பது வருடத்துக்கு ஒரு வெற்றி. சராசரி என்பதால் அது இருபது வருடமாகவும் ஆகலாம். உங்களுக்கு முதல் வருடமே அடித்துவிட்டது, அதுதான் சங்கடம். முதல் வருடம் அடிக்காமல் போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

நீண்ட விலைக் குதிரைகள் மேல் மக்கள் தேவைக்கு மேல் கட்டுகிறார்கள் என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ரிச்சர்ட் கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்க ரேஸ் முடிவுகளை வைத்து 1949-லேயே இதை எழுதினார். அதன் பின் வந்த பல ஆய்வுகளிலும் பல நாடுகளில் இதே போக்குதான் தெரிந்தது. எல்லாரும் நைட்ஸ் சாய்ஸைத் தேடுவதால், 90-க்கு 1 என்று எழுதியிருக்கும் குதிரையின் நிஜ வாய்ப்பு பெரும்பாலும் அதைவிடவும் குறைவு. நூற்றுக்கு ஒன்றுகள் ஜெயித்ததே இல்லை என்று சொல்லவில்லை. 2015-இல் மெல்பர்னில் ‘பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’, 2009 கிராண்ட் நேஷனலில் ‘மோன் மோம்’, இரண்டுமே 100-க்கு 1. அதே நேஷனலில் 1967-இல் ‘ஃபாய்னவோன்’ ஜெயித்த கதை இன்னும் வேடிக்கை. முன்னால் போன குதிரைகள் ஒரு வேலியருகே ஒன்றோடொன்று முட்டி நின்றுவிட, வெகு பின்னால் வந்துகொண்டிருந்த இது மட்டும் சந்தில் புகுந்து தாண்டிப் போய்விட்டது. அதை எந்த நோட்டுப் புத்தகமும் முன்கூட்டியே சொல்லியிருக்காது.

ஒரு விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கப்படி 16 அல்லது அதற்கு மேல் குதிரைகள் ஓடும் ஹேண்டிகேப்பில் முதல் நான்கு இடங்களுக்கும், ஜெயிக்கும் விலையில் கால்பங்கு கொடுக்கிறார்கள். சின்ன ரேஸ்களில் மூன்றோ இரண்டோ இடம்தான். ஆனால் 16 குதிரை ஓடினாலும் நான்கு இடம், 24 ஓடினாலும் அதே நான்கு இடம். அதனால் இந்தச் சலுகை சரியாக 16, 17 ஓடும்போதுதான் கட்டுபவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. நீங்கள் ஆசைப்படும் பெரிய கூட்டத்தில் அது கரைந்துவிடுகிறது. அதுபோக, உங்கள் ரன்னர் இந்த விதியையெல்லாம் பின்பற்றுகிறானா? கடிதத்தைப் பார்த்தால் இரண்டே இடத்துக்குத்தான் கொடுக்கிறான்.

ரேஸில் யாருமே சம்பாதித்ததில்லையா? சம்பாதித்திருக்கிறார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980-களின் நடுவில் ஹாங்காங்குக்குப் போய், ஒவ்வொரு குதிரையின் விவரங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வாய்ப்பைத் தானே கணக்கிட்டு, விலை தப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் கட்டினார். பெரும் பணக்காரர் ஆனார். அவர் தேடியது ஜெயிக்கும் குதிரையை இல்லை, தப்பான விலையை. அதற்கு ஆள், கருவி, வருடக்கணக்கான பதிவு, ஆயிரக்கணக்கான ரேஸ்கள் வேண்டியிருந்தன. அப்படிப்பட்டவர்கள் கட்டும் பானையில்தான் நம்முடைய 150 வெள்ளியும் விழுகிறது.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: லாபம் தராது. பொழுதுபோக்கு என்றால் அது வேறு கணக்கு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த 1,300 வெள்ளி

‘ஐயாயிரத்துக்குள் என்றால் வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை போடலாமாமே’ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஏற்பாடு உண்மைதான், கடைக்காரர் தராத பாக்கிக்கோ வீட்டு உரிமையாளர் திருப்பித் தராத முன்பணத்துக்கோ நல்ல வழி. பந்தயப் பணத்துக்கு ஆகாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவும், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கின்றன. அதில் ஜெயித்த தொகையைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ‘மீதி தரேன் அண்ணே’ என்று அவன் வாட்சாப்பில் எழுதியிருப்பதை ஆதாரமாக வைத்திருக்கிறீர்கள். ஆதாரம்தான், ஆனால் அது ஆதாரமாவது பந்தயம் நடந்ததற்கு. அதில் நீங்களும் இருக்கிறீர்கள்.

இங்கே உங்கள் இன்னொரு நம்பிக்கையையும் திருத்த வேண்டும். ‘வாங்குகிறவன் மேல்தான் குற்றம், கட்டுகிறவனுக்கு ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1953-ஆம் ஆண்டு பந்தயச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமமில்லாத புக்கியிடம் கட்டுவதும் குற்றம். கையில் எடுத்துப் போனாலும் சரி, போனில் அனுப்பினாலும் சரி. சட்டப்படி குதிரை மேல் கட்ட வேண்டுமென்றால் டர்ஃப் கிளப்பின் டோட் மூலம்தான். அந்த வட்டமும் சுருங்கிவிட்டது. சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசி ரேஸ் 2024 அக்டோபரில் முடிந்தது, பினாங்கு கிளப்பும் 2025-இல் ஓட்டத்தை நிறுத்தியது. தீபகற்ப மலேசியாவில் இப்போது ஓடுவது உங்கள் ஈப்போவிலும் சுங்கை பீசியிலும்தான்.

இதில் உங்களுக்குச் சாதகமான பக்கமும் உண்டு. நாளைக்கு நீங்கள் தோற்று, ரன்னருக்கு 800 பாக்கி என்று வந்தால், அவனும் நீதிமன்றம் போக முடியாது. மிரட்டினாலோ, வீட்டு வாசலில் ஆள் நிறுத்தினாலோ, சிவப்புச் சாயம் அடித்தாலோ அது தனிக் குற்றம், தயங்காமல் போலீசுக்குப் போங்கள். நாமும் தப்பு செய்தோமே என்ற பயத்தில் மிரட்டலைப் பொறுத்துக்கொள்வதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

1,300-ஐ விட்டுவிடுங்கள். அதை மீட்கத்தான் 20 வெள்ளி 150 ஆனது என்று எனக்குத் தோன்றுகிறது. கார்டு வரை போனதும் அதனால்தான்.

இபிஎஃப் பத்தாயிரம்

55 வயது தாண்டியவர் நீங்கள், பணம் உங்களுடையது. எடுக்க மனைவியின் கையெழுத்து தேவையில்லை. ‘சட்டப்படி அவள் தடுக்க முடியுமா’ என்று கேட்டதற்கு நேரான பதில்: முடியாது.

ஆனால் ஒன்று. ‘சும்மா தூங்குகிற பணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தூங்கவில்லை. 2024-க்கு இபிஎஃப் அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு, பத்தாயிரத்துக்கு 630 வெள்ளி. 55-க்குப் பிறகு எடுக்காமல் விட்டுவைத்தாலும் 100 வயது வரை ஈவு வந்துகொண்டே இருக்கும். தேவைப்படும்போது பகுதி பகுதியாகவும் எடுத்துக்கொள்ளலாம். அதையே ரேஸில் முதலாகப் போட்டால்? 100-க்கு 80 திரும்புகிறது என்ற கணக்கை எடுங்கள். பத்தாயிரத்தையும் ஒரு சுற்று கட்டி முடித்தால் எதிர்பார்க்கக்கூடிய மீதி 8,000. அதையே மறுபடி கட்டினால் 6,400, பிறகு 5,120, பிறகு 4,096. ஐந்தாம் சுற்றில் 3,277. ரேஸ் முதலுக்கு இதுதான் இயல்பு, திரும்பத் திரும்பக் கட்டுவதுதானே தொழில். இடையில் ஒரு 90-க்கு 1 அடித்து எல்லாம் தலைகீழாகவும் மாறலாம். அந்த நம்பிக்கையில் மகளின் படிப்புக்கு அடுத்த வருடம் தேவைப்படும் தொகையை வைக்க முடியாது.

நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். ‘மொத்தத்தில் சமமாகத்தான் இருக்கும்’ என்கிறீர்கள். தோற்றதை எழுதாமல் அது எப்படித் தெரியும்? இனி மூன்று மாதத்துக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். கட்டியது ஒரு பத்தியில், வந்தது ஒரு பத்தியில். தோட்டத்தில் குலைகளை எண்ணிக் கணக்கெழுதியவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுகிய குலையையும் எண்ணத்தானே செய்தீர்கள்.

மனைவி சொல்வது

நான் மருத்துவர் இல்லை, உங்களை நோயாளி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கட்டுப்பாடு இழந்த சூதாட்டத்தை ஒரு நோயாகவே உலகச் சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அது குணக்கேடு என்ற பேச்சு பழைய பேச்சு. உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிய மூன்று விஷயங்களைத் திருப்பிச் சொல்கிறேன்: தொகை ஏறிக்கொண்டே போகிறது, இழந்ததைப் பிடிக்கக் கட்டுகிறீர்கள், மகளின் டியூஷன் பணத்தை ‘ஒரு வாரத்துக்கு மட்டும்’ புரட்டியதை வீட்டில் சொல்லவில்லை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் மருத்துவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். உங்கள் பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் நேராகச் சொன்னால் அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். ‘தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஊர் பேசும்’ என்று நீங்கள் யோசிப்பீர்கள் என்றும் தெரியும். பேசட்டும். பொது மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு, ஈப்போவுக்குப் போய் வந்தால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

போகாமலே சோதித்துப் பார்க்க ஒரு வழியும் உண்டு. அடுத்த மூன்று பெரிய ரேஸ்களைக் கட்டாமல் பாருங்கள். மெல்பர்ன் கிண்ணம் நவம்பர் முதல் செவ்வாய், நம் நேரம் மதியம் 12. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தேநீரோடு பார்க்கலாம், பார்ப்பதற்குத் தடையில்லை. மூன்றையும் சும்மா பார்த்துவிட்டு எழுந்து வர முடிந்தால் நல்லது, உங்கள் கை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. முடியவில்லையென்றால் கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதற்குப் பின்னும் ரேஸ் ஆசை இருந்தால், ஈப்போ கிளப்பின் கவுண்டரில், டிக்கெட் வாங்கி, வருடத்துக்கு இவ்வளவு என்று மனைவிக்குத் தெரிந்த ஒரு தொகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவுக்குச் செலவழித்தது போல அது செலவு, முதலீடு இல்லை. ரன்னருடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். கிளப் அந்த வெளிநாட்டு ரேஸை எடுக்கவில்லையென்றால் அந்த வருடம் கட்டாமல் இருங்கள்.

டியூஷன் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது இன்னும் திரும்பி வைக்கப்படவில்லை என்று கடிதத்தில் வரிக்கு நடுவே தெரிகிறது. மகள் கேட்டு மனைவிக்குத் தெரிவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள், தொகையோடு சேர்த்து. பத்தாயிரம் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.